விசேட தேவை இணைப்பாளரும் தமிழ்ப் பெற்றோரும்



அரச நிதியில் இயங்கும் இங்கிலாந்தின் சாதாரணப் பாடசாலை ஒவ்வொன்றிலும் விசேட கல்வித் தேவைகள் இணைப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். 'சென்கோ' எனச் சுருக்கமாக அழைக்கப்படுபவர் இவரே. விசேட தேவையுள்ள பிள்ளைகளைச் சாதாரண வகுப்பறைகளில் இணைக்கும் முயற்சிக்கு, மேரி வார்னொக் தலைமையிலான குழுவின் 1978 ஆம் ஆண்டு அறிக்கை வலுவூட்டியது. 1994 இல் வெளியான நடைமுறைக் கோவை இணைப்பாளரின் பொறுப்புகளை வரையறுத்தது.

இணைப்பாளர் பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துச் சென்று கற்பிப்பவர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. கற்பிக்கும் பொறுப்பு வகுப்பாசிரியருடையதே. தேவையை இனங்காணல், உதவியைத் திட்டமிடல், அதன் பயனை மீளாய்தல், வெளி வல்லுநரை அழைத்தல் ஆகியவற்றை ஒருங்கிணைப்பதே இணைப்பாளரின் பணி.

தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இப்பணியின் கடினமான பகுதி மொழியாகும். வகுப்பில் பேசாதிருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டுமே புதிதா? அன்றி, மொழியை விளங்கிக்கொள்வதிலேயே இடர்ப்பாடு உண்டா? ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டில் பேசப்படும் மொழி வேறென்பதை மட்டும் கொண்டு கற்றல் இடர்ப்பாடு எனக் கருதலாகாது என்று 2014 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எனினும், "ஆங்கிலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று காத்திருந்து, உண்மையான இடர்ப்பாட்டைத் தவறவிடுவதும் அநீதியே.

இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் முதற் சான்று பெற்றோரிடமே உள்ளது. பிள்ளை எப்போது பேசத் தொடங்கியது? அம்மம்மாவுடன் தமிழில் தடையின்றிக் கதைக்கிறதா? தமிழிலும் சொற்களைக் கோக்க இடர்ப்படுகிறதா? இவற்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தால் பிள்ளையின் ஆண்டுகள் வீணாகலாகாது. மொழிபெயர்ப்பாளர் தேவையெனின் தயங்காது கேளுங்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

விசேட உதவி பெறும் பிள்ளையின் பெற்றோரை ஆண்டுக்கு மூன்று தடவையேனும் பாடசாலை சந்திக்க வேண்டுமென 2015 ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை வகுத்தது. பாடசாலையின் உதவி போதாதெனின், உள்ளூராட்சி நிர்வாகத்திடம் மதிப்பீடு கோரும் உரிமையை 2014 ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்கு நேரடியாகவே வழங்கியது. மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம்.

இணைப்பாளர் பாடசாலையை அறிவார்; பெற்றோர் பிள்ளையை அறிவர். இருவரும் ஒரே மேசையில் அமரும்போதே உட்படுத்தற் கல்வி உண்மையாகும்.