நீச்சல் குளத்தில் 22 மைல்



இன்றைக்கு நான் பேச வந்தது நீச்சலைப் பற்றி. "கிணத்து நீச்சல் எங்களுக்குத் தெரியாததா?" என்று பின்னால் யாரோ சொல்வது காதில் விழுகிறது. தெரியும்தான். ஆனால் நான் சொல்வது வேறு நீச்சல். முன்பின் பார்த்திராத ஒருவருக்கு உதவுவதற்காக நீந்துவது.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஆங்கிலக் கால்வாய் என்று ஒரு கடல் இருக்கிறது. பெயர்தான் கால்வாய், மிகக் குறுகிய இடத்திலேயே அகலம் 21 மைல். 1875-ல் மாத்யூ வெப் என்பவர் அதை 21 மணி 45 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். 1959-ல் நம் நாட்டு வங்காளப் பெண் ஆரத்தி சாஹா தன் 19-வது வயதில் கடந்தார். ஆசியாவில் அதைச் செய்த முதல் பெண் அவர்தான். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அலையும் நீரோட்டமும் ஆளை இழுக்கும். எல்லாராலும் ஆகிற காரியமா அது?

ஆகாது. அதனால் இங்கிலாந்தில் 'ஆஸ்பயர்' என்ற தர்ம ஸ்தாபனம் ஒரு வழி கண்டது. கடலுக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர் நீச்சல் குளத்திலேயே அதே தூரத்தை, 22 மைலாக, 12 வாரத்தில் நீந்தி முடியுங்கள் என்றது. நீந்துகிறவர் சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர், அடுத்த வீட்டுக்காரர் எல்லாரிடமும் போய், "நான் இவ்வளவு தூரம் நீந்தப் போகிறேன், என் பேரில் தர்மத்துக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்பார். நம்மூரில் பாத யாத்திரை போகிறவர் உண்டியலுக்குப் பணம் வாங்கிப் போவதில்லையா, அது போலத்தான். 1986-ல் லண்டனில் தொடங்கிய 'ஸ்விமத்தான்' என்ற நீச்சலும் இதே வகை. அதில் 5 கிலோமீட்டரை ஒரே மூச்சில் நீந்துகிறவர்களும் உண்டு.

22 மைல் என்றதும் மலைக்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். குளத்தின் நீளம் 25 மீட்டர் என்றால் 1416 தடவை போக வேண்டும். வாரம் மூன்று நாள் வீதம் 12 வாரத்துக்கு 36 நாள். ஒரு நாளைக்கு 40 தடவை கூட வராது, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கணவனும் மனைவியும் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 தடவை. சிறுவாடு சேர்க்கத் தெரிந்த வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

உடம்புக்கும் இது நல்லது. தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் பாரம் குறையும். நெஞ்சும் நுரையீரலும் பலப்படும். ஆனால் முதல் வாரத்திலேயே வீராப்பாக நூறு தடவை போனால் தோள்பட்டை வீங்கிக்கொள்ளும். பத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். குளத்துக்குள் வியர்ப்பது தெரியாது, ஆனாலும் வியர்க்கும். கரையில் குடிதண்ணீர் வைத்துக் குடிக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே இறங்கக் கூடாது. இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். வலிப்பு உள்ளவர் தனியாக எந்தத் தண்ணீரிலும் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் நீந்தலாமா என்றால், சிக்கல் ஒன்றும் இல்லாத கர்ப்பத்தில், டாக்டர் சம்மதத்தோடு நிதானமாக நீந்தலாம். பிரசவமானவர்கள் உதிரப்போக்கு நின்று உடம்பு தேறும்வரை பொறுக்க வேண்டும்.

சரி, அந்தப் பணம் யாருக்குப் போகிறது? முதுகுத் தண்டு அடிபட்டவர்களுக்கு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இது சீமைச் சமாச்சாரம் மட்டும் அல்ல.

முதுகெலும்புக்குள் ஒரு நரம்புக் கயிறு ஓடுகிறது. மூளையின் உத்தரவு கைகாலுக்குப் போவது அதன் வழியாகத்தான். அது நசுங்கினால், நசுங்கிய இடத்துக்குக் கீழே உணர்ச்சி போகும், அசைவு போகும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்காது. பனை ஏறுகிறவர், தென்னை ஏறுகிறவர், சாரத்தில் நிற்கும் கொத்தனார் தவறி விழுந்தால் இதுதான் நடக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றிய கிணற்றில் பையன்கள் தலைகீழாய்ப் பாய்கிறார்களே, அங்கேயும் இதுதான். ஆழம் தெரியாத தண்ணீரில் முதலில் காலை விட்டு இறங்கச் சொல்லுங்கள்.

விழுந்தவரைப் பதற்றத்தில் ஆளுக்கொரு கை, ஒரு கால் பிடித்துத் தூக்குவதும், உட்கார வைத்துச் சோடா கொடுப்பதும், டூவீலரில் நடுவே இருத்திக் கொண்டுபோவதும் வழக்கமாக இருக்கிறது. விழுந்தபோது தப்பிய நரம்பு, தூக்கும்போது அறுந்து போகலாம். அவரைக் கிடந்தபடியே கிடக்க விடுங்கள். தலையை ஒருவர் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். தண்ணீரிலோ தீப்பக்கமோ கிடந்தால்தான் நகர்த்த வேண்டும். அப்போதும் நாலு பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையை உருட்டுவது போல் உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும்.

அப்புறம் வீட்டுக்கு வந்த பிறகு? பாரம் பெரும்பாலும் மனைவி தலையில்தான் விழுகிறது. உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே பக்கமாய்க் கிடந்தால் படுக்கைப் புண் வரும், அது எலும்பு வரை அரிக்கும். இரவானாலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். "விதி" என்று மூலையில் போட்டுவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒப்புதல் இல்லை. 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் எழுந்ததற்கு அவரே காரணம். 1975-ல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நாற்காலி, பயிற்சி, ஒரு தொழில் இந்த மூன்றும் கிடைத்தால் ஆள் எழுந்துவிடுகிறார். மூன்றுக்கும் பணம் வேண்டும். அங்கே ஒருவர் 1416 தடவை குளத்தில் போய்வருவது அதற்காகத்தான்.

நீந்தத் தெரியாத பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கற்றுக்கொள்ள வயது இல்லை. ஆனால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, இடுப்பளவுத் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும்.

இப்போது நம் கிராம சுகாதார செவிலியர் ஒருவரைப் பலகையில் எப்படி ஏற்றுவது என்று செய்து காட்டுவார். முன் வரிசையில் இருந்து நாலு பேர் எழுந்து வாங்க. வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் ஜோடியாக வந்தால் இன்னும் நல்லது.