பியூஸ் போனால் எந்தப் பியூஸ் போடுவது?

(கரடியனாற்றில் கூடிய தோட்டக் குடும்பங்கள், உறவினர் மத்தியில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பதுளை றோட்டு மலையிலிருந்து இறங்கி, பிபிலை, மகா ஓயா தாண்டி, இந்தக் கரடியனாறு ஊடாகத்தான் செங்கலடிக்குப் போகிறது. அந்த றோட்டால் உறவும் வருது, சாமானும் வருது. மலையில் குளிருக்குக் கேத்தில், இங்கே வெயிலுக்கு பேன். ஆனால் இரண்டு பக்கமும் கரண்ட் ஒன்றுதான்: 230 வோல்ட். ஆகவே இன்றைய பேச்சு இரு பகுதியாருக்கும் பொருந்தும்.

மூன்று கால் தட்டைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு அங்குல நீளத்தில் சின்னக் குழல் ஒன்று இருக்கும். அதுதான் பியூஸ். அதற்குள் மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் கரண்ட் போனால் கம்பி உருகி, கரண்டை நிறுத்திவிடும். அதன் முதல் வேலை வயரைக் காப்பாற்றுவது. வயர் சூடேறித் தீப்பிடித்தால் லயத்தில் ஒரு வீட்டோடு நிற்குமா? கூரை ஒன்று, சுவர் ஒன்று. பக்கத்துக் காம்பராவில் தூங்குகிற பிள்ளைக்கும் அது ஆபத்து.

பியூஸ் போனதும் நம்மவர் என்ன செய்கிறார்கள்? சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிறார்கள். இல்லாவிட்டால், "பெரிசாப் போட்டா போகாதுதானே" என்று எல்லாவற்றுக்கும் 13 போடுகிறார்கள். போகாதுதான். பியூஸ் போகாவிட்டால் வயர் போகும்!

சரியான கணக்கு இலேசானது. சாமானின் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். அதை 230ஆல் பிரியுங்கள். வருவது ஆம்பியர். கணக்குப் பார்க்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்:

700 வாட் வரைக்கும் 3 ஆம்பியர், சிவப்பு நிறம். மேசை விளக்கு, ரேடியோ, ரீவி, மேசை பேன் இதில் அடங்கும்.

அதற்கு மேல் 3,000 வாட் வரைக்கும் 13 ஆம்பியர், மண்ணிறம். கேத்தில், அயன், பெரிய றைஸ் குக்கர் இந்த வகை.

பிரிட்ஜ் மாதிரி மோட்டார் உள்ள சாமான் ஓடத் தொடங்கும்போது கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். அதற்குக் கம்பனிக்காரர் எழுதிய அளவையே போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் பியூஸில் எழுதியிருக்கும் எண்ணையும் வாசியுங்கள். கடையில் வாங்கும்போது பி.எஸ். 1362 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றும் விதம்: சுவிட்சை நிறுத்தி, பிளக்கை வெளியே இழுத்து எடுத்த பிறகே திறக்க வேண்டும். உள்ளே கருகியிருந்தால், பியூஸ் தளர்ந்து ஆடினால், பிளக்கையே மாற்றுங்கள். புதுப் பியூஸும் உடனே போனால் சாமானில் அல்லது வயரில் பிழை. மூன்றாவது பியூஸ் தேடாமல் எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள்.

இன்னொரு விசயம். 2017இல் அரசாங்கம் 13 ஆம்பியர் தட்டைக்கால் பிளக்கை நாட்டின் தரமாக அறிவித்தது. ஆனாலும் வெளியிலிருந்து வந்த இரண்டு கால் பிளக்கை, மேல் ஓட்டைக்குள் பேனையையோ ஈர்க்கையோ குத்தித் திணிக்கிற பழக்கம் போகவில்லை. அந்தப் பிளக்குக்குள் பியூஸே கிடையாது. மெல்லிய வயருக்கு அங்கே காவல் இல்லை. பியூஸ் உள்ள நல்ல அடப்டர் ஒன்று வாங்கிப் பாவியுங்கள்.

நீட்டு வயர்ப் பெட்டியிலும் கவனம் வேண்டும். 2,000 வாட் கேத்தில், 1,000 வாட் அயன், 700 வாட் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 16 ஆம்பியர். 13 ஆம்பியர் பியூஸ் அதற்கு உடனே போய்விடும் என்று நினைக்காதீர்கள். கன நேரம் தாங்கும். அவ்வளவு நேரமும் பெட்டியும் வயரும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக ஒன்று. பியூஸ் உங்களை ஷொக்கிலிருந்து காப்பாற்றாது. சின்னப் பியூஸே 3 ஆம்பியர், அதாவது 3,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் நூறில் சில பங்கு போதும். அந்தக் காவல் ட்ரிப் சுவிட்சுக்கு. வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் ஒழுக்கிலேயே விழ வேண்டும். மாதம் ஒரு தரம், சம்பள நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமர்த்திப் பாருங்கள். விழாவிட்டால் தாமதிக்காமல் அறிவியுங்கள்.

வீட்டில் சிவப்பு ஒன்றும் மண்ணிறம் ஒன்றும் வாங்கி வையுங்கள். கையில் சரியான பியூஸ் இருந்தால் வெள்ளித்தாள் தேட மனம் வராது.