பண்டித ரமாபாயின் வீடு



கிறிஸ்தவர்கள் செய்யும் தொண்டு என்றதும் பெரிய ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் நம் நினைவுக்கு வரும். நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுவதும் தொண்டுதான். பேன் பிடித்த தலையை வாரி விடுவதும் தொண்டுதான். மகாராஷ்டிராவில் இப்படித் தொண்டு செய்தவர் பண்டித ரமாபாய்.

அவர் 1858-ல் பிறந்தார். தந்தை சமஸ்கிருதப் பண்டிதர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் சொல்லித் தரக் கூடாது என்று மற்ற பண்டிதர்கள் எதிர்த்தார்கள். அவர் கேட்கவில்லை. தன் மனைவிக்குச் சொல்லித் தந்தார். அந்தத் தாயிடம்தான் ரமாபாய் படித்தார்.

பிறகு பஞ்சம் வந்தது. 1874-ல் தந்தை இறந்தார். அடுத்துத் தாயும் அக்காவும் இறந்தார்கள். ரமாபாயும் அண்ணனும் பட்டினியோடு ஊர் ஊராக நடந்தார்கள். பசி என்றால் என்ன என்று ரமாபாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய படிப்பைப் பார்த்துக் கல்கத்தா அறிஞர்கள் 'பண்டிதா' என்று பட்டம் கொடுத்தார்கள். அவருக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டே ஆண்டில் கணவர் இறந்தார். கையில் பெண் குழந்தை மனோரமா. 1883-ல் இருவரும் இங்கிலாந்து போனார்கள்.

அங்கே ஒரு விடுதியைப் பார்த்தார். 'கெட்டுப்போனவள்' என்று ஊர் ஒதுக்கிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் அன்பாகக் கவனித்தார்கள். "எதனால் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று ரமாபாய் கேட்டார். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய கதையை ஒரு சகோதரி படித்துக் காட்டினார். அந்த ஆண்டே ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார்.

1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக 'சாரதா சதன்' என்ற பள்ளியைத் தொடங்கினார். பிறகு அது புனேவுக்கு மாறியது. காலையில் அவர் ஜெபம் செய்யும்போது கதவு திறந்திருக்கும். சில பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மதம் மாற்றுகிறார் என்று ஊரே கொதித்தது. பலர் தங்கள் பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள். அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் போன விதவைப் பெண்ணுக்கு அங்கே புத்தகம் ஏது?

1896-ல் மறுபடி பஞ்சம். மத்திய மாகாணத்துக்கு ரமாபாய் நேரில் போனார். அநாதைப் பெண்களையும் விதவைகளையும் அழைத்து வந்தார். சுமார் முந்நூறு பேர். எலும்பும் தோலுமாக இருந்தார்கள். புனே அருகே கேட்காவ் என்ற ஊரில் அவருக்கு நிலம் இருந்தது. அங்கே தங்க வைத்தார். குளிப்பாட்ட வேண்டும். புண்ணுக்கு மருந்து போட வேண்டும். வயிறு தாங்கும் அளவு பார்த்துச் சோறு போட வேண்டும். முன்பே படித்த பெண்கள் கூடவே நின்று உதவினார்கள். அந்த இடத்துக்கு 'முக்தி' என்று பெயர்.

உடம்பு தேறியதும் எழுத்து சொல்லித் தந்தார்கள். நெசவும் தோட்ட வேலையும் கற்றார்கள். கண் தெரியாத பெண்களுக்கு விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை மனோரமா கற்பித்தார்.

ரமாபாய் பைபிளை மராத்தியில் எழுதினார். பண்டிதர் நடை அவருக்கு நன்றாக வரும். அதை விட்டுவிட்டார். புதிதாகப் படிக்கக் கற்ற பெண்ணுக்கும் புரிகிற பேச்சில் எழுதினார். பல ஆண்டுகள் பிடித்தன. 1922-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான் அந்த வேலை முடிந்தது. முக்தியில் இருந்த அச்சகத்தில் அந்தப் பெண்களே அச்சுக் கோத்தார்கள்.