"கண் வலி" என்று மட்டும் எழுதினால் போதாது

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் பேசியது)



இன்றைக்கு நாங்கள் பேச வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோமே, அந்தத் துண்டைப் பற்றி.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். கவ்வாத்து வெட்டிய ஒரு தம்பிக்குக் கண்ணில் தேயிலைக் குச்சி அடித்தது. இரண்டு நாள் பொறுத்துத்தான் எங்களிடம் வந்தார். அந்த நேரம் பிள்ளைக் காம்பராவில் பல பிள்ளைகளுக்குக் கண் சிவந்திருந்தது. இதுவும் அதுதான் என்று நினைத்து, துண்டில் "கண் வலி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம். குச்சி அடித்ததை எழுதவில்லை. தம்பியும் டாக்டரிடம் சொல்லவில்லை. சொட்டு மருந்தோடு வந்துவிட்டார். ஒரு கிழமையில் கருவிழியில் வெள்ளையாகப் புண் விழுந்தது. பிறகு பெரியாஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்றினார்கள். ஆனால் தழும்பு நின்றுவிட்டது, பார்வை மங்கல்தான். நட்டஈடு கேட்கப் போனால், வேலையில் பட்ட காயம் என்று எழுத்தில் ஒன்றுமே இல்லை. 1934ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்குது. ஆனால் காட்டக் கடுதாசி வேணுமே!

சிவந்த கண் எல்லாம் ஒரே வியாதி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 10ஆவது திருத்தத்தில், ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு. பீளை தள்ளி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற சவ்வு அழற்சி எச் 10. கருவிழி அழற்சியும் புண்ணும் எச் 16. கண்ணுக்கு உள்ளே கதிராளியில் வரும் அழற்சி எச் 20. அடிபட்ட காயம் எஸ் 05. "கண் வலி" என்றால் இதில் எதில் சேர்ப்பது?

மருந்தும் வேறு வேறுதான். கதிராளி அழற்சிக்கு ஸ்டீரொயிட் சொட்டு மருந்து கொடுப்பார்கள். அதையே கிருமிப் புண் உள்ள கண்ணில் விட்டால் புண் மோசமாகும். அதனால் பக்கத்துக் காம்பராவில் மிஞ்சிய மருந்தை வாங்கி ஊற்றாதீங்க.

இலக்கம் போடுவது ஆஸ்பத்திரி வேலை. சரியாகச் சொல்வது நம்ம வேலை. இவற்றைச் சொல்லுங்கள்:

எந்தக் கண்? வலதா, இடதா, இரண்டுமா?
என்றைக்குத் தொடங்கியது?
குச்சி, தூசி, மருந்துத் தண்ணி ஏதும் பட்டதா? எந்த மலையில், எத்தனை மணிக்கு?
பார்வை மங்குதா? வெளிச்சம் பார்த்தால் கூசுதா?
தாய்ப்பால், பச்சிலை, வேறு சொட்டு மருந்து ஏதும் விட்டீங்களா? வெட்கப்படாமல் சொல்லுங்க.

வலி கடுமையாக இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, அடிபட்டிருந்தாலோ அன்றைக்கே வாங்க. பேர் விழாது என்று பொறுக்க வேண்டாம். மருந்துத் தண்ணி பட்டால் உடனே நல்ல தண்ணியில் நிறைய நேரம் கழுவிவிட்டு வாங்க.

துண்டு கையில் வந்ததும், "என்ன எழுதியிருக்கீங்க, வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நாங்கள் வாசித்துக் காட்டுவோம். விட்டுப்போனதை உங்கள் முன்னாலேயே எழுதுவோம். ஆஸ்பத்திரியில் தரும் அட்டையையும் பிறப்புப் பத்திரம் மாதிரிப் பத்திரமாக வையுங்கள்.

அந்தத் தம்பிக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.