நல்ல நாளும் நல்ல துணியும்

(அரியலூரில் கைத்தறி நெசவாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் நம் காதில் விழுவது ஒரே பேச்சுத்தான். "அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் துண்டு. பெண்டுகள் பெட்டியைத் திறந்து பட்டு எடுத்துக் கட்டுவார்கள். இன்றைக்குப் பையன்கள் சந்தைக்குப் போகிற சட்டையோடு முகூர்த்தத்துக்கு வந்து நிற்கிறார்கள். மரியாதையெல்லாம் போச்சு!"

கல்லங்குறிச்சித் தேருக்குப் போனாலும் இதே குறை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சன்னதியிலும், ஏலாக்குறிச்சி மாதா கோவில் திருவிழாவிலும், லப்பைக்குடிக்காட்டுப் பெருநாளிலும் பெரியவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். இந்துவானாலும், கிறிஸ்தவரானாலும், முஸ்லிமானாலும் இந்த ஒரு விஷயத்தில் வயோதிகர்கள் அனைவரும் ஒரே கட்சி!

இந்தக் குறையைச் சிரித்துத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. நல்ல நாளை நல்ல நாளாக மதிக்க வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. அது நியாயமான ஆசை. ஆனால் போனது எது, யாருடைய மரியாதை போனது, அது போனதால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

புதுத்துணியே விசேஷம்

நம் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். ஏர் பிடித்தவருக்கு இடுப்பில் ஒரு கோவணம், தலையில் ஒரு துண்டு. பெண்ணுக்கு ஒரே சேலை. அதில் பாதியை உடுத்திக்கொண்டு மறுபாதியை அலசிக் காயவைத்த கதையைச் சொல்லும் பாட்டிமார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

அவர்களுக்குப் புதுத்துணி எப்போது கிடைத்தது? தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒன்று. ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்து உடுத்தினார்கள். கல்யாணத்துக்குக் கூறைப்புடவை. பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர்ச் சேலை. கண்ணை மூடினால் பிறந்த வீட்டுக் கோடி. விசேஷம் வந்தால்தான் புதுத்துணி. அதனால் புதுத்துணி வருவதே ஒரு விசேஷம்.

இன்று கூலி வேலைக்குப் போகும் வாலிபனின் கொடியில் நாலு சட்டை தொங்குகிறது. பெரம்பலூர்க் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். விசைத்தறியும், செயற்கை இழையும், தைத்து விற்கும் சட்டையும் துணியின் விலையைக் குறைத்தன. கேட்டும் போராடியும் கூலி கொஞ்சம் உயர்ந்தது. 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் பொங்கல்தோறும் ஏழை வீட்டுக்கு ஒரு வேட்டியையும் ஒரு சேலையையும் கொண்டு வந்தது.

ஆக, அன்றாட உடைக்கும் திருநாள் உடைக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்திருக்கிறது. 364 நாள் கந்தலும் ஒரு நாள் புதுசுமாக இருந்தவர்கள் எல்லா நாளும் மானமாக உடுத்துகிறார்கள். இதற்கா நாம் கண்ணீர் விடுவது?

உடுத்தும் உரிமை யாருக்கு இருந்தது?

இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து உடை மரியாதை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா?

1995 வரை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்த இந்தப் பூமி, அரியலூர், உடையார்பாளையம் என்று ஜமீன்கள் இருந்த பூமி. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் உள்ளே உட்காருகிறவருக்கு ஒரு உடை, வாசலில் நிற்கிறவருக்கு ஒரு உடை. பெரிய மனிதர் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், காலில் கிடந்த செருப்பு கைக்கு ஏற வேண்டும். கல்யாணப் பந்தலில் மேற்கட்டி கட்டியவரும் நடைபாவாடை விரித்தவரும் வண்ணார். அந்தத் துணிமேல் நடந்தவர் வேறொருவர். இதுவும் மரியாதை என்றுதான் சொல்லப்பட்டது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனராக இருந்த ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. செருப்பும் குடையும் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. தோழர்களே, இது புராணக் காலத்துச் சங்கதி அல்ல. நம் தாத்தாமார் காலத்தில் நடந்தது!

அதற்கும் முன்னால், தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். அவர்கள் போராடியதால் 1859 ஜூலை 26-ல் மன்னரின் அறிவிப்பு வந்தது. மேலே துணி போட்டுக்கொள்ளலாம், ஆனால் உயர்ஜாதிப் பெண்கள் போடுவதுபோல் போடக்கூடாது என்று அதிலும் ஒரு நிபந்தனை!

அப்படியானால், "யார் யாரென்று தெரியவில்லையே" என்று பந்தியில் ஒருவர் அலுத்துக்கொள்ளும்போது அதன் உள்ளர்த்தம் என்ன? சிலருக்கு அது வெறும் பழக்கம். வேறு சிலருக்கோ, நேற்றுவரை வாசலில் நின்றவன் இன்று தன்னைப்போலவே வெள்ளை வேட்டி கட்டிப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறானே என்ற எரிச்சல். இந்த மரியாதை போனால் போகட்டும். மயானத்துக்கு அனுப்பக் கோடித் துணியை நாமே வாங்கித் தருவோம்!

கழற்றியவரும் அணிந்தவரும்

உடையைப் பற்றிப் பேசும்போது இரண்டு தலைவர்களை நினைக்காமல் இருக்க முடியாது.

1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் காந்தியார் சட்டையையும் நீள வேட்டியையும் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். மாற்றுத் துணிக்கு வழியில்லாத ஏழைகளைக் கண்டு எடுத்த முடிவு அது. 1931-ல் லண்டன் பக்கிங்காம் அரண்மனைக்கும் அதே உடையோடுதான் போனார். டாக்டர் அம்பேத்கரோ கோட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாமல் வெளியே வந்தது அரிது.

ஒருவர் கழற்றினார், ஒருவர் அணிந்தார். இதில் யார் சரி என்று கேட்பது பயனற்ற கேள்வி. சட்டை போட யாருடைய அனுமதியும் தேவைப்படாத இடத்தில் பிறந்தவர் அதைத் துறந்து காட்டினார். சட்டையே கூடாதென்று தடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர் கோட்டே அணிந்து காட்டினார். இருவரும் மீறியது ஒரே கட்டளையை: இன்னாருக்கு இன்ன உடை என்ற கட்டளையை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தக் கோட்டுப் போட்ட சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. அந்தக் கட்டளை இன்னும் முழுதாகச் சாகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வெள்ளைக்காரன் விட்டுப்போன கட்டளையும் நெடுநாள் உயிரோடு இருந்தது. 2014 ஜூலையில் சென்னைக் கிரிக்கெட் சங்கக் கிளப் ஒன்றில் வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் அனுமதி மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நீதிபதியைத் தடுத்ததும் சட்டம் வந்தது, நல்லதுதான். கோவில் திருவிழாவில் புதுச்சட்டை போட்டு வந்ததற்காக அடிவாங்கும் சேரிப் பையனுக்கும் சட்டம் அதே வேகத்தில் வர வேண்டும் என்கிறோம்.

ஆடம்பரம் ஒழிந்ததா?

சரி, பழைய கட்டுப்பாடு தளர்ந்தது. உடை விஷயத்தில் மனிதன் விடுதலை பெற்றுவிட்டானா? அதுதான் இல்லை.

விருந்தாளிகள் சாதாரணச் சட்டையில் வருகிறார்கள். மணமக்களுக்கோ நாளுக்கு நாலு உடை. நிச்சயத்துக்கு ஒன்று, படம் பிடிக்க ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று. வைகாசி வெயிலில் மாப்பிள்ளைக்கு வாடகைக் கோட்டு! உறவுக்காரப் பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலை. சிமெண்டு ஆலையில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர் வீட்டிலும் இதைச் செய்தாக வேண்டியிருக்கிறது. எங்கிருந்து செய்வார்? வாரத் தவணைக் கடன்தான். உடுத்தியது ஒரு பகல், கட்டுவது இரண்டு வருஷம்.

முன்பு ஜாதி சொன்னது: "இதை உடுத்தாதே!" இன்று கடை சொல்கிறது: "இதை உடுத்தாவிட்டால் உனக்குக் கௌரவம் இல்லை!" இரண்டு இடத்திலும் உழைப்பவன் தலை குனிந்தே நிற்கிறான்.

தறியின் கணக்கு

இந்தப் பணமாவது நெய்கிறவன் கைக்கு வருகிறதா?

நம் மண்ணில் பருத்தி விளைகிறது. ஜெயங்கொண்டம் பக்கத்தில் தறி ஓடுகிறது. ஆனால் கல்யாணத் துணி எடுக்க எல்லோரும் திருச்சிக்கு பஸ் ஏறுகிறோம். ஒரு முகூர்த்தப் பட்டை நெய்து இறக்கப் பத்துப் பதினைந்து நாளாவது ஆகும். ஆண் தறிக்குழியில் இறங்கினால், பெண் தார் சுற்றுவாள், இழை பிணைப்பாள், பாவுக்குத் துணை நிற்பாள். கூலி ஒருவர் பெயரில், உழைப்பு குடும்பத்தினுடையது.

நெசவாளர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "எத்தனையோ பெண்களுக்கு முகூர்த்தப் புடவை நெய்தேன். என் மகள் கல்யாணத்துக்கு என் தறியில் இறங்கின புடவையை என்னாலே வாங்க முடியலை. கடையிலே மினுமினுப்பா ஒண்ணு எடுத்தேன். அது பட்டு இல்லைன்னு எனக்குத் தெரியும், என் மகளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் பேசிக்கலை." இந்த வார்த்தைக்கு நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் சுமார் 35 லட்சம் பேர் கைத்தறியையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பியிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய சட்டம் 1985-ல் வந்தது. முதலில் 22 ரகங்கள் இருந்தன. பிறகு 11 ஆகச் சுருங்கின. இருக்கிற 11-லும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விலைபோகிறது. வேட்டியும் சேலையும் திருநாள் உடையாக இருந்தவரை இவர்களுக்குத் தீபாவளியும் பொங்கலும் தை முகூர்த்தமும் வேலை தந்தன. அந்த வழக்கம் குறையக் குறைய முதலில் நிற்பது இவர்களுடைய நாடாதான்.

பந்தியில் அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் வருத்தப்பட வேண்டிய நஷ்டம் இது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! உடையைப் பற்றி யாருக்கும் உத்தரவு போட நாம் வரவில்லை. உத்தரவு போட்டவர்களை எதிர்த்து வளர்ந்தவர்கள் நாம். காற்சட்டையோடு வருகிற பையனைப் பந்தியிலிருந்து எழுப்ப வேண்டாம். அவன் வந்ததே மரியாதை. துவைத்த துணியும் மலர்ந்த முகமும் எந்த முகூர்த்தத்துக்கும் போதும்.

கடன் வாங்கிக் கோட்டுப் போட மாட்டோம் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லட்டும். நாமே முந்திக்கொண்டு, "வேண்டாமப்பா" என்று சொல்வோம். வருஷத்தில் ஒரு நல்ல நாளுக்காவது கைத்தறியில் நெய்த ஒரு வேட்டியோ, ஒரு பருத்திச் சேலையோ, ஒரு துண்டோ, முடிந்தவர்கள் நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்போம்.

அது மட்டும் போதாது. நல்ல மனசு வைத்துத் துணி வாங்குவதால் மாத்திரம் தறி பிழைத்துவிடாது. நூல் விலையைக் கட்டுப்படுத்த வேண்டும். 1985-ம் வருஷச் சட்டத்தை ஏட்டில் வைக்காமல் கடையில் அமல் செய்ய வேண்டும். சங்கத்துக்கு அரசு தர வேண்டிய பாக்கி காலத்தில் வர வேண்டும். தார் சுற்றும் பெண்ணுக்கும் கூலி தனியாக எழுதப்பட வேண்டும். இதைக் கேட்கத் தறிக்காரர் மட்டும் போனால் போதாது. பருத்தி எடுக்கும் பெண்ணும், சிமெண்டு மூட்டை தூக்கும் தோழரும் கூடப் போக வேண்டும்.

அந்த நெசவாளரின் மகளுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். அவள் கல்யாணத்துக்குத் தாத்தாவின் தறியில் இறங்கிய புடவையை அவள் கட்ட வேண்டும். அது அவர்கள் தங்கள் கூலியிலேயே வாங்கியதாக இருக்க வேண்டும். அன்று பந்தலுக்கு நாம் எல்லோரும் போவோம். யார் எந்தச் சட்டையில் வந்தாலும் சரி, எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவோம்.