வேனிலும் தோல்நோயும்
(சங்கரன்கோயிலில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கத்திரி வெயில் தொடங்குமுன் யாம் இப்பொருளை மேற்கொண்டது, தோல்நோயுடைய நம்மவர் படும் இருவகைத் துன்பத்தை எடுத்துரைத்தற் பொருட்டேயாம். ஒன்று வெயிலால் வருவது. மற்றொன்று நம்மால் வருவது.

முன்னதை முதற்கண் கூறுவாம். கரப்பான் உடையார்க்கு வியர்வை அரிப்பை மிகுவிக்கும். தறிக்கூடத்துப் புழுக்கம் அதனை மேலுந் தூண்டும். ஆதலின் வெந்நீரை விடுத்துக் குளிர்ந்த நீரிற் சிறிது பொழுதே குளிக்க. அழுந்தத் தேய்த்தல் ஒழிக. துணியால் ஒற்றி, ஈரம் உலருமுன் மருத்துவர் கூறும் களிம்பைப் பூசுக. தளர்ந்த பருத்தியாடை உடுக்க. நகங்களை ஒட்டக் களைக. படர்தாமரையோ ஈரத்தில் வளர்வது. ஆகலின் தோல்மடிப்புக்களை நன்குலர்த்துதலும், துண்டு முதலியவற்றைத் தனியே வைத்தலும் வேண்டும்.

நிற்க. தாமே கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டுக் களிம்பு, படர்தாமரையின் அரிப்பைச் சின்னாள் அடக்கிப் பின் நோயைப் பரவச்செய்யும்; தோலையும் மெலிவிக்கும். இதுகருதியே 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசினர், அத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென விதித்தனர்.

இனி, நம் திருக்கோயிற் புற்றுமண் சருமநோய் தீர்க்குமென்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. அதனை யாம் இகழ்வேமல்லேம். யாமும் நெற்றியில் இடுவேம். ஆயின் வெடித்துக் கசியும் புண்ணில் எம்மண்ணையும் இடற்க. மண்ணிற் கிருமிகள் உள. வெடித்த தோல் அவற்றிற்குத் திறந்த வாயில்.

நம்மால் வரும் துன்பத்திற்கு யாமே சான்று. பல்லாண்டுகட்கு முன் எம் வகுப்பில், முழங்கையிற் செதிலுதிரும் படையுடைய மாணவனொருவனைக் கடைவரிசையில் தனித்திருக்கச் செய்தேம். அது காளாஞ்சகப்படை என்பதும், ஒட்டுநோய் அன்றென்பதும் பின்னரே அறிந்தேம். அவ்வேனில் முழுதும் அவன் முழுக்கைச் சட்டையே அணிந்து வந்தான். வெயில் சுட்டதினும் யாம் சுட்டதே மிகுதி.

காளாஞ்சகப்படை, கரப்பான், வெண்புள்ளி ஆகிய மூன்றும் தொற்றுவன அல்ல. இவைபற்றி மணம் மறுப்பதும், பந்தியில் விலக்குவதும் நம் சமூகத்தில் இன்னும் உள. தொற்றும் சொறியும் படர்தாமரையுமோ தக்க மருந்தால் தீர்வன.

அரியும் அரனும் ஒன்றாதலைக் காணக் கோமதியம்மை தவமிருந்த ஊர் இது. ஆண்டுதோறும் ஆடித்தபசில் அக்காட்சி கண்டு கைகூப்பும் நாம், தோலின் வேறுபாடு பற்றி மக்களை இருவேறாக்குதல் தகுமோ? எண்ணிப் பார்ப்பீராக.