காலாப்பட்டுக்குப் போகும் வழி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை ஏற்படுத்திய குடும்பத்தார் தலைப்பு என்ன என்று கேட்டார்கள். சிறைத்துறை நிர்வாகம் என்றேன். "மண்டபத்தூருக்கு வந்து ஜெயிலைப் பத்தியா பேசப்போறீங்க?" என்றார் ஒருவர். காரைக்கால் கரையின் இந்த மீனவ ஊரில்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இலங்கைக் கடற்படை மீனவரைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தத் துறைமுகத்தில் இறக்குவார்கள், ஊர்காவற்துறை நீதவான் எத்தனை நாளைக்கு விளக்கமறியல் போடுவார், யாழ்ப்பாணச் சிறையில் இருப்பவரை இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து யார் வந்து பார்ப்பார்கள், விடுதலையானதும் மிரிகானை முகாம் வழியாகச் சென்னைக்கு எப்படி விமானம் ஏற்றுவார்கள் என்பதெல்லாம் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு அத்துபடி. நம்முடைய சொந்தச் சிறைகள் எப்படி நடக்கின்றன என்பது அந்த அளவுக்குத் தெரியாது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் ஒரே நிலப்பரப்பாக இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் சோழமண்டலக் கரையில், இடையில் தமிழ்நாடு. மாஹே மலையாளக் கரையில். ஏனாம் கோதாவரி முகத்துவாரத்தில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முடிந்தது. பிராந்தியம் என்று நாம் சொல்லும் இந்த நான்கு துண்டுகளுக்கும் உயர் நீதிமன்றம் ஒன்று, அது சென்னையில். சிறைத்துறை ஒன்று, அதன் தலைமை புதுச்சேரியில். மத்திய சிறை ஒன்று, அது காலாப்பட்டில். காரைக்காலில் இருப்பது கிளைச் சிறை. மாஹேயிலும் ஏனாமிலும் அப்படியே.

நடைமுறை இதுதான். ஒருவரைக் கைது செய்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் ரிமாண்ட் செய்தால், போலீஸ் வாரண்டோடு கிளைச் சிறைக்குக் கூட்டிவரும். வாசலிலேயே வாரண்டைச் சரிபார்ப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், குற்றப்பிரிவு, அடுத்த வாய்தா தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு சோதனை. கையில் இருக்கும் பணம், மோதிரம், செல்போன் எல்லாம் பதிவேட்டில் ஏறும். மச்சமும் தழும்பும் எழுதிக்கொள்வார்கள். மருத்துவர் பார்ப்பார். உடம்பில் காயம் இருந்தால் அந்த இடத்திலேயே எழுதியாக வேண்டும். சிறை அதிகாரிக்கு இதில் அலட்சியம் கூடாது. எழுதாமல் உள்ளே எடுத்தால் நாளைக்கு அந்தக் காயம் அவர் கணக்கில் வந்துவிடும்.

1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கச் சொல்கிறது. விசாரணைக் கைதியையும் தண்டனைக் கைதியையும் பிரித்து வைக்கச் சொல்கிறது. கடன் முதலிய சிவில் வழக்கில் வந்தவரைக் குற்ற வழக்கில் வந்தவரோடு சேர்க்கக் கூடாது என்கிறது. புழல் போன்ற பெரிய வளாகத்தில் இது எளிது. அங்கே தண்டனைக் கைதிக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிக்கு ஒரு சிறை, பெண்களுக்கு ஒரு தனிச் சிறை. சில அறைகள் மட்டுமே உள்ள கிளைச் சிறையில் இதே சட்டத்தை நிறைவேற்றுவது வேறு கதை. ஆகவே கொஞ்சம் பெரிய தண்டனை, கொஞ்சம் பெரிய சிக்கல் என்றால் சிறை வேன் காலாப்பட்டுக்குக் கிளம்பும்.

அந்த வழியை நினைத்துப் பாருங்கள். காரைக்காலிலிருந்து கிளம்பி, எல்லையில் உள்ள பூவம் தாண்டியதும் தமிழ்நாடு. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் கடந்து கடலூர். கடலூர் கேப்பர் மலையில் தமிழ்நாட்டின் மத்திய சிறை ஒன்று இருக்கிறது. காரைக்கால் கைதியை ஏற்றிய வேன் அதைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய், நகரத்தையும் தாண்டி வடக்கே காலாப்பட்டில் நிற்கும். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர்தான். மனு போட்டு மகனைப் பார்க்கப் போகிற தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு தனி. உள்ளே பேசக் கிடைப்பதோ சில நிமிடங்கள்.

கைதி யாருடைய பொறுப்பு? சிறைத்துறையுடையது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். உள்ளே இருக்கும்வரை சரி. அவரைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போக எஸ்கார்ட் கொடுப்பது போலீஸ். எஸ்கார்ட் இல்லையென்றால் வாய்தா தள்ளிப்போகும். ஊரில் திருவிழா, தலைவர் வருகை என்றால் போலீஸ் அங்கே போய்விடும், கைதி உள்ளே இருப்பார். வைத்தியம் சுகாதாரத்துறை. இலவச வக்கீல் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வெளியே விடச் சொல்வது நீதிமன்றம். சிறைக் கண்காணிப்பாளர் கையில் சாவி இருக்கிறதே ஒழிய, ஒருவர் எத்தனை நாள் உள்ளே இருப்பார் என்பது அவர் கையில் அநேகமாக இல்லை. சிறைச் சீர்திருத்தம் என்றாலே சோறு, கழிப்பறை, விளையாட்டுச் சாமான் என்று பேசுகிறோம். தேவைதான். ஆனால் துறைக்கும் துறைக்கும் இடையில் விழும் இந்த நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் முதன்மையான குறை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். இடமோ 4,36,266 பேருக்குத்தான். விசாரணைக் கைதிகளை மட்டும் வைத்தாலே நாட்டின் சிறைகள் கிட்டத்தட்ட நிரம்பிவிடுகின்றன.

உள்ளே கழியும் நாளைக் கணக்கில் எடுத்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்றொரு மலை மாநிலம். நம் மாவட்டம் போல 55 கவுண்டிகள், ஒவ்வொன்றிலும் பழைய சிறை. 1985-இல் அந்த மாநிலம் ஓர் ஆணையம் அமைத்து, கவுண்டிச் சிறைகளைப் படிப்படியாக மூடி, அவற்றுக்குப் பதிலாகப் பத்துப் பிராந்தியச் சிறைகளைக் கட்டியது. நடத்துவது மாநிலம். ஆனால் கவுண்டி அனுப்பும் ஒவ்வொரு கைதிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் என்று கவுண்டிதான் கட்ட வேண்டும். சின்னக் கவுண்டிகள் பாக்கி வைத்துத் திண்டாடின. பிறகு ஆள் பற்றாக்குறை முற்றி, 2022-இல் ஆளுநர் அவசரநிலை அறிவித்துத் தேசியக் காவல்படையைச் சிறைக்குள் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆகவே அதைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு கைதி ஒரு நாள் கூடுதலாக உள்ளே இருந்தால் யாரோ ஒருவருக்குப் பில் போகிறது. அந்த யாரோ ஒருவர், இவர் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று கேட்கிறார். இங்கே அந்தப் பில் கைதியின் வீட்டுக்கு மட்டும்தான் போகிறது, அரசாங்க முத்திரை இல்லாமல்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விடச் சொல்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது கிடையாது. ஒருவர்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. இதில் எனக்குப் பிடித்த பகுதி, நாள் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதவேண்டிய கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர் தலையில் வைத்திருப்பது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது.

ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளே இருப்பவர்கள் தனி வகை. வெள்ளிக்கிழமை மாலை உத்தரவு, நகல் சிறைக்கு வந்து சேர்வதற்குள் லாக்-அப் எண்ணிக்கை முடிந்துவிடும், பிறகு சனி ஞாயிறு. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. உத்தரவின் நகலை அன்றே அல்லது மறுநாளே மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம்.

என் யோசனை இரண்டு. காரைக்காலில் வழக்கு நடக்கும்வரை காரைக்கால் ஆள் காரைக்காலிலேயே இருக்கட்டும். அதற்குத் தகுந்தாற்போல் கிளைச் சிறையை விரித்துக் கட்டி, ஆளும் மருத்துவரும் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தண்டனை பெற்ற காரைக்கால் ஆளைக் கடலூரிலேயே வைக்கலாம். தண்டனை பெற்றவர்களை இரு அரசுகளும் சம்மதித்தால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலச் சிறைக்கு மாற்ற 1950-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கேப்பர் மலையைத் தாண்டிப் போகும் வேனை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சட்டம் என் நினைவுக்கு வரும். செலவை யார் ஏற்பது என்று இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஜாமீன்தாரர் விஷயம். நம் சொந்தபந்தம் பாதி தரங்கம்பாடியிலும் நாகூரிலும். தம்பிக்கு ஜாமீன் நிற்க அண்ணன் வந்தால், "நீங்க தமிழ்நாடு, உள்ளூர் ஆளாப் பாருங்க" என்று கோர்ட்டு வராந்தாவில் யாராவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனார் வழக்கு இதே போல உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் ஒருவர் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார். ஜாமீன் நிற்க வந்த சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் போதும் என்று அவரை விடச் சொன்னார். வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்று ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது என்றும் எழுதினார். மாஹேக்குப் பக்கத்துத் தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர் அவர். ஒரு மாதம் சிறையில் இருந்தவர், 1957-இல் கேரளத்தின் அமைச்சராகச் சிறைத்துறையையும் பார்த்தவர். உள்ளூர் ஆளைப் பார்க்கச் சொன்னால் மோதி ராம் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.